கரிசலாங்கண்ணியும் அது நிற்கும் மண்ணும்

மழை பெய்து ஓய்ந்தபின், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஈரம் வற்றாத இடங்களில் ஒரு சிறு செடி தலைகாட்டும். சொரசொரப்பான இலை, சட்டைப் பித்தான் அளவான வெண்ணிறப் பூ. கரிசலாங்கண்ணி என்றும் கையாந்தகரை என்றும் இதனைச் சொல்வார்கள். இதன் இலையைக் கசக்கிச் சாற்றை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். முதலில் பச்சையாக இருக்கும் சாறு சிறிது நேரத்தில் கருத்துவிடும். பெயரில் 'கரி' வந்து அமர்ந்தது பொருத்தந்தானே?

சீன நாட்டாரும் இந்தக் கருமையைக் கண்டே இதற்குப் பெயர் வைத்தார்கள். கி.பி. 659-இல் தாங் அரசர் காலத்தில் தொகுக்கப்பெற்ற மருந்து நூலில் இதற்கு 'லீ சாங்' என்று பெயர். விரால் மீனின் குடல் என்பது அதன் பொருள். அம்மீனின் குடல் கறுப்பு. ஒடித்த தண்டில் வடியும் சாறும் கறுப்பு. மீன் அரிவதை நாள்தோறும் பார்க்கும் இராயபுரத்துப் பிள்ளைகளுக்கு இவ்வுவமையை நான் விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே வழங்கும் 'மோ ஹான் லியன்' என்ற பெயரிலும் முதற்சொல்லுக்கு மை என்பதே பொருள்.

சீன மருத்துவர்கள் இதனைக் குளிர்ச்சி தரும் மூலிகைகளுள் சேர்த்தார்கள். குருதியின் சூட்டைத் தணித்து, இரத்தக் கசிவை நிறுத்தும் என்பது அவர்கள் கொள்கை. நம் சித்த மருத்துவக் குணபாடமோ இதனை வெப்பத் தன்மை உடையது என்று வகுக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் தலைக்குக் குளிர்ச்சி என்று சொல்லியே இதன் சாற்றை எண்ணெயிலிட்டுக் காய்ச்சுகிறார்கள். இவற்றுள் எது உண்மை என்று நீங்கள் கேட்கலாம். இங்கே சொல்லப்படும் குளிர்ச்சியும் வெப்பமும் வெப்பமானி காட்டும் அளவுகள் அல்ல. ஒவ்வொரு மருத்துவமும் தன் அனுபவத்தைத் தொகுத்துச் சொல்லத் தனக்கென அமைத்துக்கொண்ட மொழி. ஒன்றின் சொல்லை மற்றொன்றின் அளவுகோலால் அளத்தல் தகாது.

இச்செடியைப் பெரிதும் போற்றியவர் இராமலிங்க அடிகள். 1823-இல் மருதூரில் பிறந்த அவர், இளமையைச் சென்னை ஏழுகிணற்றில் வீராசாமிப் பிள்ளை தெருவில் கழித்தார். திருவொற்றியூர்க் கோயிலுக்குச் சென்று வழிபட்டு வருவது அவர் வழக்கம். பின்னாளில் அவர் அருளிய 'நித்திய கரும விதி'யில் கரிசலாங்கண்ணிக்குத் தனி இடம் உண்டு. தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றோடு இதனைச் சேர்த்துப் பொடித்து, நீரும் பசும்பாலும் விட்டுக் காய்ச்சி உண்ணும் முறையை அவர் அதில் கூறியிருக்கிறார்.

விஞ்ஞானமும் இச்செடியை விட்டுவிடவில்லை. மஞ்சள் பூப்பூக்கும் கரிசலாங்கண்ணியிலிருந்து கிடைத்த வெடெலோலாக்டோன் என்னும் பொருளின் அமைப்பை, 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றிய நாகராஜன், பாய் ஆகியோரும் வெளியிட்டார்கள். வெண்பூக் கரிசலாங்கண்ணியிலும் இப்பொருள் உண்டு. கல்லீரலைக் காக்கும் ஆற்றல் இதற்கு உண்டா என்று பிற்காலத்து அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

இத்தனை பெருமையையும் சொன்ன நான், என் பிழை ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒரு நாள் காலை மாணவன் ஒருவன் சேறு படிந்த கையோடு தாமதமாக வந்தான். தந்தைக்குக் காமாலை என்றும், கரிசலாங்கண்ணி பறிக்கப் போனதால் நேரமாகிவிட்டது என்றும் சொன்னான். அவன் பையிலிருந்த செடியை வாங்கிப் பார்த்தேன். "சரியான செடிதான்" என்று சொல்லி, மகிழ்ச்சியோடு வகுப்புக்கு அனுப்பினேன். அவன் அதைப் பறித்தது ஆலைக்கழிவு ஓடும் கால்வாயின் கரையில் என்பது சில நாட்களுக்குப் பின்னரே தெரிய வந்தது. அதற்குள் தந்தையின் நோய் முற்றி, அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்தார். என்ன செடி என்று பார்த்தேன். எங்கே பறித்தாய் என்று கேட்கவில்லை. மருத்துவரிடம் காட்டினீர்களா என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டும் அவையே.

செடி தான் நிற்கும் மண்ணிலிருந்து உணவை மட்டுமா எடுக்கிறது? அம்மண்ணில் ஈயமும் காட்மியமும் கலந்திருந்தால் அவற்றையும் வேர் உறிஞ்சிக்கொள்ளும். இலையைக் கழுவினால் மேலே ஒட்டிய தூசு போகும். உள்ளே ஏறியது போகாது. அனல் மின் நிலையச் சாம்பற் கழிவு கொசத்தலை ஆற்றில் கலந்ததை எண்ணூர் மக்கள் பல ஆண்டுகள் கண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அக்கரைகளிலும் மழைக்குப்பின் கரிசலாங்கண்ணி முளைக்கும். பார்வைக்கு அது வேறு எங்கும் முளைக்கும் செடியைப் போலவே இருக்கும்.

ஆகவே, கால்வாய்க் கரையிலும் ஆலை ஓரத்திலும் பறித்த கீரையையோ மூலிகையையோ உண்ணாதீர்கள். நல்ல மண் நிரப்பிய தொட்டி ஒன்று போதும். நல்ல நீர் ஊற்றினால் இச்செடி எளிதில் வளரும். காமாலை என்பது ஒரே நோயன்று. பல நோய்களின் அறிகுறி. கண் மஞ்சளித்தால் உடனே மருத்துவரிடம் சென்று, குருதியைச் சோதித்துக் காரணத்தை அறிய வேண்டும். மூலிகை கொள்வதாயினும், முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் சொற்படியே கொள்ள வேண்டும்.

அடிகள் வழிபடச் சென்ற ஊரில், அவர் போற்றிய செடியை இன்று நம்பிப் பறிக்க இயலவில்லை. குறை செடியினுடையதன்று. அது நிற்கும் மண்ணையும் நீரையும் நாம்தான் கெடுத்தோம்; அவற்றைத் தூய்மை செய்வதும் நம் கடமையே. மாணவ நண்பர்களே, உங்கள் தலைமுறையில் ஒரு பிள்ளை அக்கால்வாய்க் கரையில் அச்சமின்றி ஒரு பிடி கரிசலாங்கண்ணி பறிக்கக்கூடுமானால், இன்று நான் பேசியது வீண்போகவில்லை என்று கொள்வேன்.