அடிபட்ட பிள்ளை அடிக்கும் ஆணாகிறானா?



பெண்டாட்டியை அடித்தவனை நிறுத்திக் கேட்டால், "என் அப்பன் என்னை அடித்தே வளர்த்தான், அதனால்தான் இப்படி" என்கிறான். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, சாக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் காத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற பெண்மணி இதை ஆராய்ந்து 1989-ல் வெளியிட்டார். 1967 முதல் 1971 வரை, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாகக் கோர்ட்டுப் பதிவேட்டில் ஏறிய 908 குழந்தைகள்; அதே வயதில், அதே மாதிரிக் குடும்பங்களில், அப்படிப் பதிவில்லாத 667 குழந்தைகள். பின்னாளில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 11 பேர். மற்றதில் 8 பேர். ஆண்களை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் அதிகம். ஆகவே தொடர்பு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் மீதி 89 பேர்? அவர்களும் துன்பப்பட்டு வளர்ந்தவர்கள்தாமே! அப்பனைச் சாக்குச் சொல்கிறவனிடம், "உன்னோடு அடிபட்ட உன் தம்பி பெண்டாட்டியை அடிக்கிறானா?" என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். அடிபட்ட பிள்ளைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர். அடியில்லாமல், கவனிப்பாரற்று விடப்பட்டவர்களிலும் 12, 13 பேர்! கைப்பிள்ளையை விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடும் தாயை ஏசி என்ன பயன்? ஆலையில் குழந்தைக் காப்பகம் கேட்பதும் இதில் சேர்ந்ததுதான்.

இந்தக் கணக்கில் ஓட்டையும் உண்டு. போலீஸ் பிடித்தால்தான் எண்ணிக்கையில் வரும். வீட்டுக்குள் விழும் அடியில் பெரும்பகுதி எந்த ஸ்டேஷனுக்கும் போவதில்லை.

பக்கத்து வீட்டில் பிள்ளை அலறினால் கதவைத் தட்டுங்கள். 1098-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.