நீர்கோத்தலும் மூளைநீர்த் தேக்கமும்



மழையில் நனைந்தாலோ, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகியபின் ஈரம் உலராமல் விட்டாலோ, ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்பது நம் வீட்டு வழக்கு. மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் சளி அடைத்துக்கொள்ளும் நிலை அது. நொச்சியிலை ஆவியும் சாம்பிராணிப் புகையும் அதற்கு நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். ‘உங்கள் குழந்தைக்குத் தலையில் நீர் சேர்ந்திருக்கிறது’ என்று மருத்துவர் கூறினால், தாயின் மனத்தில் முதலில் எழுவது இந்தப் பழைய நீரே. நாம் இன்று பேசவிருப்பதோ அதனோடு தொடர்பே அற்ற ஒரு நோய். ஹைட்ரோசெபலஸ் என்னும் அதன் கிரேக்கப் பெயருக்கும் ‘நீர்த்தலை’ என்பதே நேர்ப்பொருள் ஆதலால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் மயக்கம் நீங்காது. ‘மூளைநீர்த் தேக்கம்’ என்போமாயின், எந்த நீர், அதற்கு என்ன நேர்ந்தது என்னும் இரண்டும் விளங்கும். இவ்வுரையில் அச்சொல்லையே ஆள்வோம்.

அந்த நீர் வெளியிலிருந்து புகுவதன்று. மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் தெளிந்த நீர் இடையறாது சுரக்கிறது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர். ஆனால் ஒரு வேளையில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். எஞ்சியது எங்கே போகிறது? அறைகளைக் கடந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்தோடி, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை இடரில்லை. மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையிலுள்ள குறுகிய வாய்க்கால் பிறவியிலேயே ஒடுங்கியிருக்கலாம். கட்டியொன்று வழியை அடைக்கலாம். குறைமாதக் குழந்தையின் மூளையில் நேரும் இரத்தக்கசிவோ, மூளையுறைக் காய்ச்சலோ போக்கைக் கெடுக்கலாம். சுரப்பு மட்டும் நிற்பதில்லை. அறைகள் விரிந்து மூளையை நெருக்குகின்றன.

கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இறுக இணையாதவை. ஆகவே தலை பெருக்கிறது, உச்சிக்குழி புடைக்கிறது, கருவிழிகள் கீழ்நோக்கிச் சரிகின்றன. சிங்கப்பூரில் குழந்தைக்குத் தரப்படும் நல ஏட்டில் தலையின் சுற்றளவுக்கென ஒரு வரைபடம் உண்டு. எடைப் பக்கத்தை ஆவலோடு பார்க்கும் நாம் இப்பக்கத்தைப் புரட்டுவது அரிது. ஓர் அளவு தனித்து நின்று எதையும் சொல்லாது. பெரிய தலை குடும்பவாகாகவும் இருக்கலாம். அடுத்தடுத்துக் குறித்த புள்ளிகள் தமக்குரிய கோட்டை விட்டு மேலேறும்போதுதான் ஐயம் எழவேண்டும். உச்சிக்குழி மூடாத பருவத்தில், அதன் வழியாகவே ஒலியலைக் கருவியால் மூளை அறைகளைக் காணலாம். பின்னர் சிடி, எம்ஆர்ஐ படங்கள் துணைசெய்யும்.

பள்ளிப் பிள்ளையின் தலை பெருக்க இடமில்லை. காலையில் மிகும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, காரணம் புலப்படாத கல்விச் சரிவு ஆகியவையே அறிகுறிகள். முதியோரிடமோ, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, சிறுநீரை அடக்க இயலாமை, மறதி. கொலம்பிய மருத்துவர் சலமோன் ஹாக்கிம் 1965-இல் இந்நிலையை உலகறிய விளக்கினார். ‘வயதாகிவிட்டது’ என்று நாம் கைவிடும் முதியவருள் சிலர், சிகிச்சையால் மீண்டும் நடக்கக்கூடியவர்கள்.

மருந்து கொடுத்து இதனைத் தீர்க்க இயலாது. மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் மெல்லிய குழாயொன்றை வயிற்றறைவரை செலுத்தி, இடையே ஒரு வால்வைப் பொருத்துவதே பெருவழக்கான சிகிச்சை. அடைப்பே காரணமாயின், மூன்றாம் அறையின் அடித்தளத்தில் சிறு துளையிட்டு மாற்றுவழி அமைப்பதும் உண்டு. எல்லார்க்கும் அது பொருந்துவதில்லை.

அந்த வால்வின் வரலாற்றில் மாணவர் அறிந்த எழுத்தாளர் ஒருவர்க்கும் இடமுண்டு. சாக்லேட் தொழிற்சாலைக் கதை எழுதிய ரோல்ட் டால் அவர். 1960-இல் நியூயார்க்கில், அவருடைய நான்கு மாத மகன் தியோவின் தள்ளுவண்டிமீது டாக்சி மோதியது. தலைக்காயத்தால் மூளைநீர் தேங்கியது. பொருத்திய குழாயோ மீண்டும் மீண்டும் அடைத்துக்கொண்டது. மாதிரி விமான இயந்திரங்கள் செய்வதில் தேர்ந்த பொறியாளர் ஸ்டான்லி வேட், அறுவை மருத்துவர் கென்னத் டில் ஆகியோருடன் சேர்ந்து டால் எளிதில் அடைபடாத வால்வொன்றை உருவாக்கினார். 1962-இல் அது பயனுக்கு வந்தபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. பயன்பெற்றவர் பிறர் வீட்டுக் குழந்தைகள்.

இன்றைய குழாய்களும் அடைபடவே செய்கின்றன. பொருத்திய சில ஆண்டுகளிலேயே மாற்ற நேர்வது அரிதன்று. இங்கேதான் ஆசிரியர்க்கு வேலை இருக்கிறது. குழாய் பொருத்திய பிள்ளை நம் வகுப்பில் மற்றவரோடு படிக்கும், ஓடும், ஆடும். மோதல் மிகுந்த விளையாட்டுகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டால் போதும். இத்தகைய பிள்ளைகளுள் சிலர் சரளமாகப் பேசுவர். படித்ததன் பொருளைக் கேட்டால் திணறுவர். மொழியாசிரியர்களாகிய நாம் அந்தச் சரளத்தில் ஏமாந்து, திணறலைச் சோம்பல் என எண்ணிவிடுவது எளிது.

அப்பிள்ளை தலைவலி என்று கூறி வாந்தியெடுத்து, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், ஓய்வறையில் படுக்கவைத்துப் பள்ளி முடியும்வரை காத்திருத்தல் ஆகாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. அழைப்பவர் ‘தலைவலி’ என்று தொடங்காமல், ‘மூளைநீர்க் குழாய் பொருத்திய பிள்ளை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.