பட்டம் பெற்ற பின் ஆய்வுப் பணி

உயிர்மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிள்ளை, மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கப் போகிறேன் என்றால், "இன்னுமா படிப்பு?" என்று பெற்றோர் திகைப்பதுண்டு. அது சம்பளத்துடன் கூடிய ஒப்பந்த வேலை.

அச்சம்பளம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவர் போட்டியிட்டுப் பெற்ற மானியத்திலிருந்து வருகிறது. ஆகவே விளம்பரத்துக்குக் காத்திராமல் அவருக்கே எழுதலாம். அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, அந்த ஆய்வில் தாம் என்ன செய்ய இயலும் என்பதை ஒரே பக்கத்தில் சொன்னால் போதும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், யார் படிப்பார்கள்?

மானியம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்கக் கூச வேண்டாம். அது முடிந்தால் பெரும்பாலும் வேலையும் முடிந்தது. முன்பு அங்கே பணியாற்றியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதையே நான் பெரிதாக மதிப்பேன்.

வெளிநாடு மட்டுமே உயர்வு என்பதில்லை. 1999-இல் நிப்பா கிருமியைப் பிரித்தெடுத்தது கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடந்தான். ஆயினும் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்து இயங்கும் 'ஹியூமன் ஃபிராண்டியர் சயின்ஸ்' திட்டம் போன்றவை, புதிய நாட்டுக்குச் சென்று ஆராயும் இளைஞருக்கென்றே நிதி வழங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். பேராசிரியர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.