இனிப்புப் பானங்களும் வரியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் குளிர்பானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தலைமையாசிரியர் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. என் தந்தையார் தேநீர்க் கடையின் வாசலில் நின்று சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவர். மூடி திறக்காத புட்டியைக் காசு கொடுத்து வாங்கியபோதுதான், பிறருக்குக் கிடைத்ததே தமக்கும் கிடைத்தது என்ற நிறைவை அவர் பெற்றார். அதனால்தான் நம் இல்லங்களில் விருந்தினருக்குப் புட்டிப் பானம் கொடுப்பது மரியாதையின் அடையாளமாயிற்று. அந்த உணர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மரியாதை என்று எண்ணி நாம் பருகியது இன்று நோயாக வந்து நிற்கிறது.

இத்தகைய பானம் 100 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி குடித்தால் 25 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ இந்த அளவுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரை. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அண்ணல் அம்பேத்கர் அவர்களும் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் பெரிதும் துன்புற்றார். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் முற்றினால், முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. ஆகவே இது கல்விச் சங்கத்தின் கவலையும் ஆகும்.

அரசு வரி விதிக்கவில்லையா என்றால், விதித்திருக்கிறது. 2017 ஜூலை முதல் வாயு ஏற்றிய இனிப்புப் பானங்களுக்கு 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு என்னும் ஒரே வரியாயிற்று. ஆனால் அதே நாளில், வாயு ஏற்றாத பழச்சாற்றுப் பானங்களின் வரி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அவற்றிலும் சர்க்கரையை அள்ளிக் கொட்டியவை உண்டு. சர்க்கரையே சேர்க்காத வாயுப் பானத்திற்கோ 40 விழுக்காடு! அதாவது, நம் வரி நுரையைப் பார்க்கிறது. சர்க்கரையை அளந்து பார்க்கவில்லை. நம் பிள்ளைகள் 10 ரூபாய்க்கு வாங்கும் மாம்பழப் பானம் இவ்வாறே தப்பிவிடுகிறது.

உப்பு வரியை எதிர்த்து 1930இல் வேதாரண்யத்திற்கு நடந்தார்களே, ஏழை வாங்கும் பொருளுக்கு வரி நியாயமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உப்பின்றி உயிர் வாழ முடியாது, இப்பானமின்றி வாழலாம். மெக்சிகோ நாடு 2014இல் லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தபோது இப்பானங்களின் விற்பனை குறைந்தது. வருவாய் குறைந்த இல்லங்களிலேயே அது மிகுதியாகக் குறைந்தது என ஆய்வாளர்கள் கண்டனர். நோயின் சுமை அதிகம் விழும் இல்லங்களும் அவைதாமே.

ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. பானத்தை வேண்டாம் என்று சொல்பவனுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும். 1927இல் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகி அண்ணல் நிலைநாட்டியது அந்த உரிமையைத்தான். 95 ஆண்டுகளுக்குப் பின், 2022 டிசம்பரில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. குழாய்நீரை நம்ப முடியாத தாய், பிள்ளையின் கையில் புட்டியைக் கொடுத்தால் அவளை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இலங்கை 2017இல் செய்தது போலச் சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப வரி. பிரிட்டன் 2018இல் அளவுக்கேற்ற வரி கொண்டுவந்தபோது, வரிக்கு அஞ்சி நிறுவனங்களே தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்தன. இரண்டாவது, அவ்வரியில் மாநிலத்திற்கு வரும் பங்கிலிருந்து சேரிகளுக்கும் பள்ளிகளுக்கும் பாதுகாப்பான குடிநீர்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. இளைஞர்களே, புட்டியின் மேல் அச்சிட்ட சர்க்கரை அளவைப் படித்துப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். படித்ததன் பயன் அதுவே. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, வயல் வேலை என்று சொல்லித் தட்டிக் கழிக்காமல் பெரியோர்களைச் சோதனை செய்துகொள்ளச் செய்யுங்கள்.

இன்று இவ்விழாவுக்கு வந்த எல்லோருக்கும், எச்சமூகத்தார் ஆயினும், ஒரே வகைக் குவளையில் நீர்மோர் வழங்கினோம். என் தந்தையார் இருந்து பார்த்திருந்தால், அந்தப் புட்டியை அவர் தேடியிருக்கமாட்டார். பொன்னமராவதி வட்டாரத்தில் நம் வீட்டுத் திருமணங்களிலும் இதுவே வழக்கமாகட்டும்.