தெலுக் இந்தானில் சற்று நேரம்

மலேசியாவிலுள்ள குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளை விட்டுத் தெற்கே போய், பேராக் நதிக்கரையிலுள்ள தெலுக் இந்தானை அடையும் இன்றைய பிரயாணி, 1982 வரை தெலுக் ஆன்சன் என்று வழங்கிய அவ்வூருக்கு ஒருகாலத்தில் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நீராவிக் கப்பல்கள் நதியேறி வந்து, ஈயமும் ரப்பரும் ஏற்றும்வரை காத்து நின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1893-இல் தாப்பா ரோடு நிலையத்திலிருந்து ரயிலும் வந்து சேர்ந்தது.

சரக்கேறும் அந்தச் சொற்ப நேரத்தில் கரையிறங்கியவருக்குப் பார்க்க என்ன இருந்தது? 1885-இல் லியோங் சூன் சோங் என்னும் சீனக் குத்தகைக்காரர் எழுப்பிய கோபுரம் இருந்தது. வெளியே எட்டு நிலைகளாகத் தோன்றி உள்ளே மூன்றே தளங்கள் கொண்ட அது, தான் தாங்கிய தண்ணீர்த் தொட்டியின் பாரத்தாலும் அடியிலுள்ள இளகிய மண்ணாலும் ஒருபுறம் சாய்ந்துவிட்டது. இத்தாலியின் பைசா நகரத்துக் கோபுரத்தோடு இதை ஒப்பிடுவது சம்பிரதாயமாகிவிட்டது. ஆயினும், அது தேவாலயத்தின் மணிக்காக எழுந்தது, இதுவோ ஊராரின் தாகத்துக்காக எழுந்தது என்பதால், எனக்கு இதன்மீதே அபிமானம் அதிகம். உச்சியில் கடிகாரமும் உண்டு. கப்பலைத் தவறவிட அஞ்சியவர்களுக்கு அது மெத்த உபகாரமாய் இருந்திருக்கும்.