ஊர் பார்க்கப் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

(ஆரம்பாக்கத்தில் நடந்த வாலிபர் கூட்டத்தில் பேசியது)



இக்கூட்டத்தைக் கூட்டிய வாலிபர்கள் நம்மை யாத்திரையைப் பற்றி ஏதாவது பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போய்ப் பாவத்தைத் தொலைக்கும் யாத்திரையைப் பற்றி நமது அபிப்பிராயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாவத்தைத் தொலைக்கப் போகிறவன் அங்கே பணத்தைத் தொலைத்துவிட்டு வருகிறான். அதை எத்தனையோ தடவை பேசியாகி விட்டது.

இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது வேறு யாத்திரை. புண்ணியமும் வேண்டாம், மோட்சமும் வேண்டாம், மலையையும் ஏரியையும் பழைய பட்டணங்களையும் பலவித ஜனங்களின் நடையுடை பாவனைகளையும் பார்த்தால் போதும் என்று புறப்படுகிறார்களே, அந்த யாத்திரை. இது முன்னதைவிட அறிவுள்ள காரியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதிலும் மூடத்தனம் புகுந்து கொள்கிறது என்பதே நாம் சொல்ல வந்த சங்கதி.

தூரத்துக்குப் போகுமுன் உங்கள் ஏரியையே எடுத்துக் கொள்வோம். இந்தியாவிலுள்ள உப்பங்கழி ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பழவேற்காட்டுக்கு வருகிறவன் என்ன பார்க்கிறான்? பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கிறான். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிறான். அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக் கூட்டைப் போட்டோ எடுத்துக் கொள்கிறான். இறால் வறுவல் தின்கிறான். இருட்டுமுன் ஊர் போய்ச் சேருகிறான்.

அந்த டச்சுக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிற்று. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றுகிற வரையில் சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து கப்பலேறியது துணி மாத்திரமா? பஞ்ச காலத்தில் பட்டினி பொறுக்காமல் தம்மையும் பெற்ற பிள்ளைகளையும் விற்ற ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வாங்கிய கம்பெனியாருக்கு வேலைப்பாடுள்ள கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு செங்கல்லாவது உண்டா? வேடிக்கை பார்க்கிறவன் இதைக் கேட்பதில்லை. கூட இருக்கிற நாமும் சொல்லுவதில்லை.

சரி, செத்தவர்கள் கதை போகட்டும். உயிரோடிருப்பவர்களைப் பார்ப்போம். இந்த ஏரியில் "பாடு" என்றொரு முறை இருக்கின்றது. நல்ல வலை போடும் இடங்களை ஒருவனே விழுங்கிவிடாமல், முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வது. இதை எந்தச் சாமியும் கனவில் வந்து சொல்லவில்லை. மீன் பிடிப்பவர்கள் தங்கள் புத்தியைக் கொண்டு ஏற்படுத்திக் கொண்டது. மெத்தச் சரி. ஆனால் அந்த முறையில் இடம் எப்படிக் கிடைக்கின்றது? பிறப்பால்! பட்டினவர் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பாடு உண்டு, மற்றவனுக்கு இல்லை. இருளர் வீட்டுப் பெண் பறியைப் பல்லில் கடித்துக் கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறாள். கொத்தடிமையை ஒழிக்க 1976இல் சட்டம் வந்துங்கூட, அதற்குப் பின்னும் இந்த ஜில்லாவின் செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர்! பூநாரைக்கு எத்தனை முழம் கால் என்று அளக்கிறவன் கண்ணுக்கு இந்தப் பெண் தென்படுவதில்லை.

இனிச் சீன தேசத்துக்குப் போவோம். நாம் அங்கே போய் வந்தவரல்லோம்; படித்துத் தெரிந்து கொண்டதைச் சொல்லுகிறோம். பர்மாவை ஒட்டிய யுன்னான் மாகாணம் முழுவதும் மலை. சீன சர்க்கார் கணக்கிட்டிருக்கும் 56 இனங்களில், இந்த ஒரு மாகாணத்திலேயே சிறுபான்மை இனங்கள் 25 இருக்கின்றன. அங்கே லிஜியாங் என்பது நாஷி இனத்தாரின் பழைய பட்டணம்; தெருவெல்லாம் வாய்க்கால், மர வீடுகள். 1996இல் பெரிய பூகம்பம் வந்து அப்பக்கத்தில் 300 பேருக்கு மேல் மாண்டார்கள். மறு வருஷமே யுனெஸ்கோ அப்பட்டணத்தை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக் கொண்டது. ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பிறகு நடந்தது என்ன? பழைய குடிகளில் பெரும்பாலோர் வீட்டை வெளியூர் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புதுப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். நாஷி பட்டணத்தைப் பார்க்கப் போகிறவன் இன்று பார்ப்பது பெரும்பாலும் கடைக்காரனை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அதே மாகாணத்தில் ஜோங்டியன் என்று ஓர் ஊர். 1933இல் ஓர் ஆங்கிலேயர் எழுதிய நாவலில் ஷாங்ரிலா என்ற சொர்க்கம் போன்ற ஊர் வருகிறது. எழுதியவர் அந்தப் பக்கமே போனதில்லை. அப்படியிருந்தும், அந்தக் கற்பனை ஊர் எங்களுடையதுதான் என்று 2001இல் சர்க்கார் உத்தரவோடு பெயரையே ஷாங்ரிலா என்று மாற்றி விட்டார்கள். நம் நாட்டில் தல புராணம் எப்படி உண்டாயிற்று என்று கேட்கிறவர்களுக்கு நம் காலத்திலேயே நடந்த அத்தாட்சி இது. முதலில் கதை, பிறகு கதைக்கு ஓர் இடம், பிறகு இடத்துக்கு வசூல்! 2014 ஜனவரியில் அந்தச் "சொர்க்கத்தின்" பழைய பகுதியில் தீப்பிடித்து, இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்து போயின.

ஆனால் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடமும் அங்கேயே இருக்கின்றது. லூகு என்று ஓர் ஏரி. உங்கள் ஏரி இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவில் கிடப்பது போல, அது யுன்னானுக்கும் சிச்சுவானுக்கும் நடுவில் கிடக்கின்றது. அதன் கரையில் மோசுவோ என்னும் ஜனங்கள். அவர்கள் பழைய வழக்கப்படி குடும்பமும் சொத்தும் தாய் வழியில் போகும். பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. பிள்ளைகளைத் தாய்மாமன் வளர்ப்பான். ஆகவே வரதட்சணையும் இல்லை, தாலியறுத்து மூலையில் உட்கார வைப்பதும் இல்லை. இதைக் கேள்விப்பட்டுப் போன ஆண்களில் பலர், "கட்டுப்பாடில்லாத பெண்கள்" என்று கெட்ட எண்ணத்தோடு போனார்கள். பெண்ணின் சுதந்திரத்தைக் கண்டால் விபசாரம் என்று நினைக்கும் புத்தி நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல.

அந்த ஏரிக்கரையில் லுவோஷுய் என்ற கிராமத்தார் ஒரு காரியம் செய்தார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு வலிக்கவும், ஆடிக் காட்டவும், குதிரை நடத்தவும் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டியது. வருகிற பணத்தை வீடுகளுக்குள் சமமாகப் பிரித்துக் கொள்ள வேண்டியது என்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். தோழர்களே, இது உங்கள் பாடு முறைதானே!

"வருகிறவன் நாலு காசு கொடுத்துப் போகிறான், அதைக் கெடுக்காதீர்கள்" என்று நீங்கள் சொல்லலாம். நாம் கெடுக்க வரவில்லை. வரட்டும், பார்க்கட்டும், கொடுக்கட்டும். அந்தக் காசு யாருக்குப் போவது என்பதுதான் நமது கேள்வி. இன்று மீன் குறைகிறது; முகத்துவாரம் மணல் மூடி ஏரி கெடுகிறது. நாளைக்கு உங்கள் பிழைப்பில் ஒரு பங்கு இந்த வேடிக்கை பார்க்கிறவர்களிடமிருந்து வரவேண்டியிருக்கும். அப்போதும் பிறப்பைப் பார்த்துத்தான் பாடு கொடுப்பீர்களா? பெண்களுக்கும் இருளர்களுக்கும் முறை உண்டா, இல்லையா? இதை இன்றைக்கே முடிவு செய்யாவிட்டால், வெளியூர் முதலாளி வந்து உங்கள் எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்து விடுவான்.

கடைசியாக ஒன்று. 2011 டிசம்பர் 25ந் தேதி பழவேற்காட்டில் உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். விதி என்றார்கள். படகுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கும், ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் இருக்கிற இடத்தில் இந்த விதி ஏன் வேலை செய்வதில்லை? படகு விடுகிற காலம் வந்தால் முதலில் சட்டையை வாங்குங்கள். எலுமிச்சம்பழத்தையும் கற்பூரத்தையும் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். நாளைக் காலையில் கரைக்குப் போகும்போது, பறியைக் கடித்துக் கொண்டு தண்ணீரில் இறங்குகிற அந்தப் பெண்ணை ஒரு தடவை பாருங்கள். பிறகு பாடு யாருக்கு என்று உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.