குளவியும் தேனீயும் ஒன்றல்ல

(மாத்தளை மாவட்டத் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த வகுப்பில் வழக்கமாகச் சம்பளம், சேமலாப நிதி, வீட்டுரிமை பற்றித்தான் பேசுவோம். இன்று தேனீ பற்றிப் பேசப் போகிறோம். சங்கத்துக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

எங்கள் தோட்டத்தில் ஒருநாள் கொழுந்து மலையில் குளவி கலைந்தது. பலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக் கொய்யா மரக்கிளையில், தேங்காய் அளவில் ஒரு தேனீக்கூட்டம் வந்து தொங்கியது. அது யாரையும் கொட்டவில்லை. முதல்நாள் பயம் போகாமல் நாங்களே மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டி எரித்துவிட்டோம். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளை, "சேர், நேத்து கொட்டினது இதுதானா?" என்று கேட்டது. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் விசாரித்தோம், படித்தோம், பழகினோம்.

நாம் பறந்து கொட்டுகிற எல்லாவற்றையும் குளவி என்கிறோம். மலையில் நம்மைக் கொட்டுவது பெரும்பாலும் பெரிய மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். உயர்ந்த மரத்திலும் பாறையிலும் திறந்தவெளியில் ஒரே ஒரு பெரிய அடை கட்டும். பருந்து கொத்தினாலும், புகை பட்டாலும், கல் விழுந்தாலும் கூட்டமாக இறங்கும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பெட்டியில் வளர்ப்பது சிறிய தேனீ. சிங்களத்தில் மீ மெஸ்ஸா. மரப்பொந்து, புற்று, சுவர் இடுக்கு போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். கூடு விட்டுக் கிளம்பி கிளையில் தொங்கும்போது அதற்குக் காக்கப் புழுவும் இல்லை, அடையும் இல்லை. வயிறு நிறையத் தேன் இருக்கும். அப்போது அது பெரும்பாலும் சாதுவாக இருக்கும். நாங்கள் எரித்தது அப்படிப்பட்ட கூட்டத்தைத்தான்.

இனி, தொடங்குவது எப்படி? முதலில் காசு போட்டுப் பெட்டி வாங்க வேண்டாம். நம் நாட்டில் காலங்காலமாகச் செய்வதுபோல ஒரு மண்முட்டியில் சிறு துளை போட்டு, உள்ளே தேன்மெழுகு தடவி, நிழலான இடத்தில் கட்டி வையுங்கள். கூட்டம் தானாக வந்து குடியேறினால் பெட்டி தேடலாம். நமது சிறிய தேனீக்கு ஏற்ற பெட்டியை 1910களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்றே பெயர். பெட்டியும் பயிற்சியும் பற்றிக் கேட்க, பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது.

முட்டியிலிருந்து பெட்டிக்கு மாற்றுவதை மாலையில் செய்யுங்கள், பழகிய ஒருவரோடு செய்யுங்கள். புழு உள்ள அடைகளை வெட்டி, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி சட்டத்தில் வாழைநாரால் கட்ட வேண்டும். இராணி உள்ளே போய்விட்டால் மற்றவை பின்னால் போகும். சில நாளைக்குச் சீனிப்பாகு வையுங்கள். பெட்டிக் கால்கள் தண்ணீர்ச் சிரட்டையில் நிற்கட்டும். இல்லாவிட்டால் எறும்பு ஏறும்.

பிறகு சும்மா விடுங்கள். எங்கள் முதல் பெட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம் என்று நாள்தோறும் திறந்தோம். ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டி வெறுமை. இந்தத் தேனீ தொந்தரவு பொறுக்காது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அப்போது அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைபோல் அறைகள் தொங்கினால், புது இராணி வளர்கிறது, கூட்டம் பிரியப்போகிறது என்று அர்த்தம். பழைய இராணியோடு சில சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றினால் ஒன்று இரண்டாகும்.

நம் மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் இருக்கின்றன. பெப்ரவரி, மார்ச்சில் ரப்பர் தளிர்க்கும்போது மூன்று இலை சேரும் காம்பு நுனியில் தேன் ஊறும். கன்னியாகுமரிப் பக்கம் மார்த்தாண்டத்துத் தேனும் பெரும்பாலும் ரப்பர்த் தேன்தான். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையத்தில் ஸ்பென்சர் ஹட்ச் ஏழைக் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். பின்னர் வளர்த்தவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்றார்கள். நாமும் தனித்தனியாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை.

பெட்டி வைத்தால் பணம் கொட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிடைப்பது சில போத்தல் தேன். அது சம்பள உயர்வுக்கு மாற்றும் அல்ல. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவும் கூடாது. ஆனால் லயத்துக் கோடியில் நாலடி இடம் கூட நம் பெயரில் இல்லாதபோது, நிலம் கேட்காத தொழில் இது.

சங்கம் செய்ய வேண்டியது இரண்டு. கொழுந்து மலைக்கு ஆள் அனுப்புமுன் பம்பராக் கூடு இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தை அடையாளமிட்டு ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படியும் கேட்க வேண்டும். அது தேனீக்கு மட்டுமல்ல, நமக்கும் நல்லது.

குளவி கலைந்தால் கையை வீசி அடிக்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஏதாவது கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தால், மூச்சு முட்டினால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக் கொய்யா மரத்தில் ஒரு முட்டி தொங்குகிறது. இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "அன்றைக்குக் கொட்டினது இது இல்லை" என்று சொல்லக் காத்திருக்கிறோம்.